அபராதம்

பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு முன்னால் முழந்தாளிட்ட புனிதமலரின் சேலையிலிருந்து சேற்றுத்தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஃபாதர், நான் இப்பத்தான் ஒரு ஆளைத் தூஷணத்தாலை பேசிப்போட்டன்.”

“ஆரைப் பிள்ளை?” போன கிழமை மாற்றலாகி வந்த ஃபாதரின் குரல் தட்டிக்கு உள்ளேயிருந்து கேட்டது.

“ஆரெண்டு தெரியாது. கார்க் கண்ணாடி முழுக்கக் கறுப்பு. கோயிலுக்கு வர நான் ஓரமாத்தான் சைக்கிள் ஓடினனான். பின்னாலை ஹோன் அடிச்சு, ஒட்டி முந்தி, றோட்டிலை நிண்ட வெள்ளத்தை என்ரை தலையிலை ஊத்திப்போட்டுப் பறந்திட்டான். நான் சைக்கிளோடை வாய்க்காலுக்கை. நிண்டு திரும்பிக்கூடப் பாக்கேல்லை.”

ஃபாதர் செருமினார். “என்ன அவசரமோ பிள்ளை. ஆரேன் சாகக் கிடந்திருப்பினம், பாக்க ஓடியிருப்பார்.”

“சாகக் கிடக்கிற ஆளைப் பாக்கப் போறவன் பைலாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டே போவானோ?”

“அது பைலா இல்லைப் பிள்ளை. பெருநாளுக்குப் புதுசாச் செய்த மாதா பாட்டு.”

புனிதமலர் சேலைத் தலைப்பை அவசரப்படாமல் பிழிந்தாள்.

“என்ரை பாவத்துக்கு என்ன அபராதம், ஃபாதர்?”

“மூண்டு அருள்நிறைந்த மரியே செபம் சொன்னாக் காணும்.” குரல் நன்றாக இறங்கியிருந்தது.

“சரி ஃபாதர். அப்ப கார் ஓடின ஆளுக்கு ஒரு முழுச் செபமாலை. பொலிஸ் போடுற அபராதத்தோடை பாத்தா அது மலிவுதான்.”