பால்பல்லின் பசி

பல் மருத்துவ ஆய்வகத்தில் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. எஞ்சிய செல்களை ஆய்வாளர் தமயந்தி அன்று மாலைக்குள் அழித்தாக வேண்டும். அதற்குமுன் ஒருமுறை பார்க்கலாமா என்று பொற்கொடி கேட்டிருந்தாள். அவள் மகனுடைய பால்பல்லின் உள்ளிருந்து எடுத்த செல்கள் அவை. மகன் போன ஆடியில் காய்ச்சலில் போய்விட்டான். கண்ணாடித் தட்டில் செல்கள் பெருகிக்கொண்டே இருந்தன.

பொற்கொடி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மீன்குஞ்சுங்க ஒரே பக்கமாப் போற மாதிரி இருக்கு. இதுக்குப் பசிக்குமா மேடம்?”

“ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊட்டம் ஊத்துவோம்க்கா. இன்னைக்கு ஊத்தல. எப்படியும்...”

“அவன் பசி தாங்கமாட்டான்.”

தமயந்தி இளஞ்சிவப்பு ஊட்டநீர்ப் புட்டியை வெந்நீரில் வைத்து எடுத்தாள். பொற்கொடி அதை வாங்கி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் ஆறட்டும்” என்றாள்.