பதினான்காவது ஆள்

சூப்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்த மேரிகிறேஸின் பின்னால் சீமாட்டி எமிலியா வந்து நின்றார்.

"ஏப்ரனைக் கழட்டிப்போட்டு வா மேரி. இண்டைக்கு எங்களோட இருந்து சாப்பிடு."

மேரிகிறேஸுக்கு உடனே விளங்கிவிட்டது. அழைத்த பதினான்கு பேரில் யாரோ ஒருவர் வரவில்லை. மேசையில் பதின்மூன்று பேர் இருந்தால் அதில் ஒருவர் அந்த வருடமே செத்துப்போவார் என்பது இந்த மாளிகையில் சட்டம் மாதிரி.

ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் இந்த வீட்டில் அவள் இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறாள். சீமாட்டியின் விருந்துக்கு அழைப்பு வராதா என்று மந்திரிகளே தவம் கிடந்த காலத்தைக் கண்டவள். முன்பொருமுறை ஒரு தூதுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தபோதும் இவளைத்தான் மேசைக் கோடியில் இருத்தினார்கள். எண்ணிக்கைக்கு ஓர் ஆள்.

உக்ரைனில் சண்டை தொடங்கியதும் சீமாட்டி நடனக் கூடத்தில் மருந்துப் பெட்டிகளை அடுக்கினார். எழுபத்தாறு வயதில் தொண்டர்களைத் திரட்டி, ஆம்புலன்ஸ்களை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க அனுப்பினார்.

மேரிகிறேஸின் ஒரே மகன் ஸ்ரிபன் நாலாவது தடவையாக ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டு போயிருந்தான். போகாதே என்று அவள் காலில் விழாத குறை. இதுதான் கடைசி என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனான்.

அவர்கள் திரும்பி வந்ததற்குத்தான் இன்றைய விருந்து.

அவர்களை ஏற்றிக்கொண்டு மினிபஸ் வந்த சத்தம் சற்று முன்னர்தான் கேட்டது. ஸ்ரிபன் அதைக் கழுவிக்கொண்டு நிற்பான். எங்கேயும் கடைசி ஆளாக வருகிறவன்.

சீமாட்டி இம்முறை மேசைக் கோடியைக் காட்டவில்லை. தனக்கும் பாதிரியாருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துவிட்டார். மேரிகிறேஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. மகன் வந்து பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

யாரும் கரண்டியைத் தொடவில்லை. சாரதிகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், பிள்ளைகளுக்குக் களைப்பு. போதாததற்குப் பதின்மூன்று பேரோடு சாப்பிடத் தொடங்கவும் பயம்போல.

"ஸ்ரிபனும் வந்திட்டால் பதினாலு சரி. பிறகு பயமில்லாமல் சாப்பிடலாம்," என்று சிரித்தாள்.

வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்த சாரதி டானியல் மினிபஸ் சாவியை மேசையில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

சீமாட்டி எழுந்தார். மேரிகிறேஸின் பக்கத்தில், வெறுந்தரையில் முழந்தாளிட்டு அவளுடைய கையைப் பிடித்தார்.

வராத ஆள் யாரென்று மேரிகிறேஸ் அப்போதுதான் முகம் முகமாக எண்ணத் தொடங்கினாள். பாதிரியார் இருந்தார். டொக்டர் இருந்தார். போன பிள்ளைகளில் ஸ்ரிபனைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

அவளோடு சேர்த்து ஏற்கெனவே பதினான்கு பேர்.

அவள் இருந்தது மகனுடைய நாற்காலியில்.