அறைத்தோழி

சிவில் இன்ஜினியரிங்கில் சேர்ந்த இரண்டாம் வாரமே இது எனக்கான படிப்பில்லை என்று தெரிந்துவிட்டது. வேறு பல்கலைக்கழகத்தில் தாவரவியலுக்கு விண்ணப்பிக்கும் யோசனையை அறைத்தோழி தமயந்தியிடம் மட்டும்தான் சொன்னேன்.

"அவசரப்படாதடி. எனக்கும் அப்படித்தான் இருக்கு. இந்த செமஸ்டர் போகட்டும்," என்பாள், என் தலைக்கு எண்ணெய் வைத்தபடியே. நான் அழுதபோதெல்லாம் அவளும் அழுதாள். விண்ணப்பத்தை மூன்று முறை நிரப்பி மூன்று முறையும் அழித்தேன்.

கடைசித் தேதி முடிந்த மறுநாள் காலை, அவள் டீ வாங்கப் போயிருந்தாள். கட்டிலில் கிடந்த அவள் போனில் கல்லூரியின் செய்தி ஒளிர்ந்தது.

'அறை 214 மாணவி: விலகும் வாய்ப்பு 91 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தது. உங்கள் பணி நிறைவு. இன்றே அறை 309க்கு மாறவும்.'

டீயோடு வந்தவளிடம் போனை நீட்டினேன்.

"எத்தனாவது தடவை ஃபர்ஸ்ட் இயர் படிக்கற?"

"நாலாவது."

"என்கூட அழுதியே, அது?"

சர்க்கரை இல்லாத டீயைப் பார்த்து என் பக்கம் வைத்தாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

"309ல இருக்கறவ ரெண்டு நாளா சாப்பிடலையாம். நான் போகணும்டி," என்றவள், எண்ணெய்ப் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.