பதின்மூன்று வாரமும் அற்புதம்

"அந்தக் கார்டைக் கொடும்மா. எல்லாத்தையும் ஒரே கட்டா நானே அனுப்பிடறேன்."

சங்கச் செயலாளர் மாணிக்கவாசகம் கையை நீட்டினார். விஜயா கொடுக்கவில்லை.

"நானே தபால்ல போட்டுக்கிறேன் அண்ணே."

"அப்படி என்ன எழுதியிருக்கே?"

"பாத்ததை எழுதியிருக்கேன்."

அது போதாதா? காஜா பேராங் பகுதியில் ஹாஜா பாயின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வட்டாரத்தில் டெலிவிஷன் இருந்த ஒரே கடை அது. வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி. பதின்மூன்று வாரம் முடிந்துவிட்டது. தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவு செய்ய, பார்த்தவர்களைக் கருத்து எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது டெலிவிஷன் நிலையம்.

மாணிக்கவாசகம் சும்மா இருப்பாரா? வீடு வீடாக ஏறி இறங்கி அறுபத்திரண்டு கார்டு சேர்த்துவிட்டார். எழுதும் சிரமத்தைக்கூட யாருக்கும் வைக்கவில்லை. 'பதின்மூன்று வாரமும் அற்புதம். ஒரு வாரம் விடாமல் குடும்பத்தோடு கண்டு களித்தோம்' என்று எல்லாவற்றிலும் அவரே எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். விஜயாவின் கணவன் தியாகுகூடப் போட்டுவிட்டான்.

"எங்கே, படி பாக்கலாம்" என்றார்.

விஜயா கூசாமல் படித்தாள்.

"'முதல் வாரம் பாடின அம்மாவின் முகத்தை மிருதங்கம் மறைத்துவிட்டது. மூன்றாவது வார நாடகத்தில் செத்துக் கிடந்தவர் மூக்கைச் சொறிகிறார். ஐந்தாவது வாரம் ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தீர்கள், புளியையே காணோம்...'"

"போதும், நிறுத்து!" மாணிக்கவாசகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "மெர்டேக்கா ஆகி, நாடு சுதந்திரம் வாங்கி எட்டு வருஷத்துல நமக்குன்னு கெடைச்சது இந்த அரை மணி நேரம். அதையும் நம்மாளே குறை சொன்னா தூக்கிடுவான் லா!"

"புளி இல்லாம வெச்சா, நம்மாளு வெச்சாலும் அது ரசமா அண்ணே? நீங்களும்தானே பாத்தீங்க?"

"பாக்கணுமா? நம்ம நிகழ்ச்சி. நல்லாத்தான் இருக்கும்!"

தியாகு மெல்லக் குனிந்தான். "விஜயா, எல்லாரும் போட்டாச்சு. நீ மட்டும் ஏன் வம்பு பண்றே?"

"எனக்குப் பொய் எழுத வராதுங்க. நல்லா இருந்ததை நல்லா இருந்துச்சுன்னுதான் எழுதியிருக்கேன்."

"நிகழ்ச்சி நின்னா உன்னாலதான்" என்றார் மாணிக்கவாசகம். "அப்புறம் நீயும் உன் புருஷனும் சங்கத்துப் படி மிதிக்கக் கூடாது."

"சரிங்க அண்ணே."

விஜயா எழுந்து நேரே தபால் நிலையத்துக்கு நடந்தாள்.

உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. அந்த அரை மணி நேரத்துக்காக வெள்ளிக்கிழமை சமையலை ஐந்து மணிக்கே முடித்துவிட்டு, கடையின் சமையல்கட்டு ஓரமாக ஹாஜாவின் மனைவி ஷரீஃபா பக்கத்தில் இடம் பிடிப்பவள் அவள். அது நின்றுபோனால் முதலில் அழப்போவதும் அவள்தான். ஆனாலும் கார்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

ஒன்றரை மாதம் போனது. வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் குரலே இல்லை. தெருவில் யாரும் விஜயாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்துவந்த இரண்டு பேர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் நிலையத்திலிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. மாணிக்கவாசகம் அதைக் கடையில் எல்லார் முன்னாலும் வைத்துப் பிரித்தார். விஜயாவும் கேட்கட்டும் என்று ஆள் விட்டு அழைத்திருந்தார்.

"'காஜா பேராங்கிலிருந்து அறுபத்து மூன்று அட்டைகள் வந்தன. அவற்றில் அறுபத்திரண்டு, பதின்மூன்று வாரமும் அற்புதம் என்று பாராட்டுகின்றன.'" விஜயாவை ஒரு பார்வை பார்த்தார். "கேட்டுக்க!"

அடுத்த வரியில் குரல் இறங்கியது.

"'ஆனால் ஏழாவது வாரம் தமிழ் நிகழ்ச்சி ஒளிபரப்பாகவே இல்லை. அந்த நேரத்தில் பூப்பந்துப் போட்டிதான் காட்டப்பட்டது. பார்க்காதவர்களின் பாராட்டை ஏற்க இயலாமல் அறுபத்திரண்டு அட்டைகளையும் ஒதுக்கிவிட்டோம்...'"

ஹாஜா கோப்பி ஆற்றுவதை நிறுத்தினார். "ஆமா, அன்னிக்குப் பாதிப் பேர் இங்கதானே உக்காந்திருந்தீங்க? பூப்பந்துக்குக் கைகூடத் தட்டினீங்களே!"

மாணிக்கவாசகம் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டார். தியாகு அதை எடுத்து மீதியைப் படித்தான்.

"'மீதி ஒரே ஒரு அட்டை மட்டும், தமிழ் நிகழ்ச்சியை எடுத்துவிட்டு யாரைக் கேட்டுப் பூப்பந்து போட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தது. ஒன்பதாவது வாரம் தபால்காரராக நடித்த பெரியவருக்கு நூற்றுக்கு நூறு, அவரை ஏன் மறுபடி கூப்பிடவில்லை என்றும் கேட்டது. இப்படிப் பார்க்க ஒருவர் இருக்கும்போது நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் நிகழ்ச்சி மீண்டும் தொடங்குகிறது. அந்தப் பெரியவரும் வருகிறார். ரசத்தில் இனிப் புளியும் உண்டு.'"

படித்து முடித்த தியாகு கடிதத்தை மடித்து விஜயாவிடம் நீட்டினான். உள்ளேயிருந்து ஷரீஃபா ஓடிவந்து விஜயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடையே தலையைக் குனிந்துகொண்டு கோப்பியைக் குடித்தது.

மாணிக்கவாசகம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"சரி, போனது போகட்டும். இனிமே யாரும் பாராட்டி எழுதக் கூடாது" என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அடுத்த தடவை எல்லாரும் குறை சொல்லித்தான் எழுதணும். என்ன குறைன்னு நானே எழுதித் தரேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."