வலிக்கு ஒரு சீட்டு

“சாமை அறுப்புன்னா போதும், கை கால் வலிக்குதுன்னு படுத்துக்கிறா. நெஜமா நடிப்பான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா.”

அண்ணன் மகளும் மருமகளுமான அன்பரசியை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்து கேட்டாள் மாணிக்கம்மாள்.

மலை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் தமிழரசிக்கு எரிச்சலாக வந்தது. மைக்ரோஸ்கோப்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“மொதல்ல என் ரத்தத்தப் பாருங்க. ஒவ்வொரு செவப்பணுவும் நடுவுல அமுக்குன வடை மாதிரி இருக்குதா? அந்தக் குழி இருக்கறதாலதான் மூச்சுக் காத்தச் சட்டுனு வாங்கிக்கும். முடி மாதிரி ரத்தக் கொழாயிலயும் மடங்கிப் பூந்து போவும். இப்போ, காலையில எடுத்த உங்க மருமகளோட ரத்தம்.”

மாணிக்கம்மாள் குனிந்தாள். “இன்னா இது, அருவா மாதிரி கெடக்குது?”

“அதான் மடங்காது. ஒண்ணோட ஒண்ணு சிக்கி வழிய அடச்சிக்கும். அப்ப எலும்பே ஒடையற மாதிரி வலிக்கும். பொறக்கும்போதே வர்றது. நடிப்பு இல்லீங்க.”

“அத அப்டியே எழுதிக் குடுங்க.”

தமிழரசிக்குக் கோபம் தலைக்கேறியது. “எதுக்கு? நோய்க்காரின்னு ஊரக் கூட்டி, தாய் வூட்டுக்குத் துரத்தவா?”

“இல்லம்மா. என் மவன்கிட்ட காட்டணும். அவ நடிக்கிறான்னு சொல்லி அவன்தான் வேலைக்கு இழுக்கறான்.”

மாணிக்கம்மாள் நிமிரவே இல்லை. கண் இன்னும் மைக்ரோஸ்கோப்பின் மேல்தான் இருந்தது.

“என் பொண்ணும் இப்டித்தான் அழுவும். நான்தான் கையில அருவாளத் திணிச்சிச் சாமைக் கொல்லைக்குத் துரத்துனேன். சாயங்காலம் பொணமாத்தான் தூக்கியாந்தாங்க.”