சூனியக்காரன் திருந்தும் காட்சி

திரையில் சூனியக்காரன் அழுகிறான். படம் முடியப்போகிறது, அவன் திருந்திவிட்டான்; அதனால் முகத்தில் இருந்த வெள்ளைத் திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்து கன்னம் பளபளக்கிறது. அரங்கில் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். ஓரத்து இருக்கையில் இருக்கும் சிறுமி மட்டும் தட்டவில்லை. பக்கத்தில், கைப்பிடியின்மேல் கிடக்கும் அப்பாவின் கையைப் பார்க்கிறாள். மணிக்கட்டிலிருந்து விரல்வரை படர்ந்த வெண்திட்டுகள் திரை வெளிச்சத்தில் நீலமாகின்றன, பிறகு மஞ்சளாகின்றன. ஒன்றை விரலால் தேய்த்துப் பார்க்கிறாள். அது போகவில்லை.

"அப்பா, நீ எப்பப்பா நல்லவனா ஆவே?"

முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் பக்கம் குனிகிறார்.

"ஏம்மா, நான் கெட்டவனா?"

அவள் காலை ஆட்டியபடி யோசிக்கிறாள். அவர் குனிந்தபடியே இருக்கிறார்.

"தலை வாரும்போது மட்டும். சிக்கு எடுக்கறப்ப வலிக்குது."

"சரி, இனிமே மெதுவா எடுக்கறேன்."

"அப்பவும் இது போகாதா?"

"போகாதும்மா."

"சரி, இதைப் பிடி" என்று பாப்கார்ன் பொட்டலத்தை அந்தக் கையிலேயே கொடுத்துவிட்டு, கழன்ற செருப்பை இருட்டில் காலால் துழாவுகிறாள்.