பத்து நிமிட ஆட்டம்

"அந்த மெஷினை வித்தது நீங்கதானா?"

மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மெக்கானிக்கைக் கீழ்வீட்டு அம்மா வழிமறித்தாள். வசமாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து அவர் கருவிப் பையைத் தரையில் வைத்தார். எஃகுக் குண்டை முட்டவிட்டு ஆடும் பின்பால் மெஷின் வாங்கிய வீட்டுக்குக் கீழே குடியிருப்பவர்கள் அவரை வாழ்த்தியதாகச் சரித்திரமே கிடையாது.

"என் பசங்களும்தான் வீடியோ கேம் ஆடுறாங்க. காதுல மாட்டிக்கிட்டா வீட்டுல இருக்காங்களா இல்லையான்னே தெரியாது. இது என்னடான்னா, சாயந்திரம் ஆறு மணி அடிச்சா போதும், தலைக்கு மேல தடதடன்னு லாரி ஓடுது."

"அது அப்படித்தாம்மா. திரையில வர்ற ஆட்டம் இல்ல பாருங்க, உள்ள எல்லாம் நிஜமாவே ஓடும், முட்டும், மணியடிக்கும்."

"நான் குறை சொல்லலை. பத்து நிமிஷம்தானே, பொறுத்துக்கலாம். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஆடுற வீட்டை இப்பதான் பார்க்கிறேன். எங்க வீட்டு மனுஷன் என்கூட உட்கார்ந்து சாப்பிடுறதே பெரிய விஷயம்." பெருமூச்சு விட்டு ஒதுங்கி நின்றாள்.

மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் கடையில் வீடியோ கேம் ஐம்பது போனால் பின்பால் ஒன்று போவதே அபூர்வம். அந்தத் தம்பதி வந்தபோதுகூட அவர் மனசாட்சிப்படி வீடியோ கேமைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார். கையடக்கப் பெட்டி, நூறு ஆட்டம், இடத்தை அடைக்காது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லை.

"அதுவே போதுங்க," என்றாள் மனைவி, தரையைப் பார்த்தபடி.

கணவன் கேட்கவில்லை. ஆளுயரத்துக்குத் தலையும் நீளமான உடம்புமாக நின்ற பின்பால் மேஜையின் கண்ணாடியைத் தடவிக் கொடுத்தான். "இதுலதான் சத்தம் இருக்கு. சத்தம் இருந்தாதானே வீடு," என்றான். ரசனையுள்ள மனுஷன் என்று மெக்கானிக் அப்போதே அவனுக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டார்.

மெஷினை இறக்கிய அன்று அவனுக்கு ஒரே அவசரம். வழியில் உருண்டு கண்ணாடியை உடைக்காமல் இருக்க, ஆட்டத்துக்கு உயிரான நான்கு எஃகுக் குண்டுகளையும் முன்கூட்டியே எடுத்துத் துணியில் முடிந்துகொள்வது தொழிலில் வழக்கம். அவர் மேஜைக்குக் கால் பூட்டி, மட்டம் பார்த்து நிமிர்வதற்குள், "சத்தம் வருதான்னு மட்டும் பாருங்க, போதும்," என்று ஸ்விட்சைப் போட வைத்து, வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டான். அது நடந்து சரியாக ஒரு மாதம் ஆகிறது.

கதவைத் திறந்தவன் இன்றும் அவசரத்தில்தான் இருந்தான்.

"ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல அதுவா நின்னுடுது. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு என்ன தட்டினாலும் எழுந்திருக்க மாட்டேங்குது. பாதியில நின்னா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க."

"கஷ்டம்தான் சார். யாரு நல்லா ஆடுறது?"

"இவதான். நேத்து கை சுளுக்குற அளவுக்கு ஆடிட்டா."

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"பட்டனை ஒரு விரலால தட்டினாப் போதும்மா. நீங்க என்ன மல்யுத்தமா பண்றீங்க?" என்றார் மெக்கானிக். கணவன் மட்டும் சிரித்தான். அவனுக்கு ஏதோ அழைப்பு வந்தது. போனோடு பால்கனிப் பக்கம் போனான்.

மெக்கானிக் கண்ணாடியை உருவி எடுத்தார். ஒரு மாதம் ஆடிய மெஷின் என்றால் குண்டு ஓடிய தடம் பலகையில் கறுப்பாகக் கோடு போட்டிருக்க வேண்டும். ஒரு கீறல்கூட இல்லை. கடையிலிருந்து கிளம்பிய பளபளப்பு அப்படியே இருந்தது.

குண்டுகள் வந்து விழும் பள்ளத்தில் கையை விட்டார். காலி. பையைக் கவிழ்க்காத குறையாகத் துழாவினார். அடியில், திருப்புளிகளுக்குக் கீழே, துணி முடிச்சு கிடந்தது. அன்றைக்குப் போட்ட முடிச்சு, அவிழ்க்கப்படாமல்.

முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு அசட்டுத்தனம் செய்ததில்லை என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ரிப்பேர் என்று எதுவுமே இல்லை. குண்டு இல்லாத மெஷின், அது எங்கே போயிற்று என்று தன் எல்லா உறுப்புகளையும் தட்டித் தட்டித் தேடும். பாட்டும் மணியும் அதது பாட்டுக்கு ஓடும். சூடேறியதும் தானே அணைந்துவிடும். குண்டுகளைப் போட்டுவிட்டால் மணிக்கணக்கில் நிற்காது.

ஆனால் ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை. குண்டே இல்லாமல் இந்த ஒரு மாதமாக இந்த வீட்டில் யார் எதை ஆடினார்கள்?

"ஆயிடுச்சா?" பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"இதோ, ரெண்டே நிமிஷம் சார்," என்று அவர் முடிச்சை அவிழ்த்து, முதல் குண்டை எடுத்தார்.

துணி சுற்றிய கை ஒன்று வந்து அவர் கையைக் குண்டோடு சேர்த்து மூடியது. பால்கனியையே பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய அவள் சொன்னாள்:

"போட்டுடாதீங்கண்ணா. அது நின்னாதான் அவர் அடிக்கிறதை நிறுத்துறார்."